நாம் வாழும் ஊர்: கட்டிய நீரும் வெட்டிய நீரும்

சென்ற இதழில் இப்பகுதியில் சாவ்டி பஜாரின் பாத்திரக் கடைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர் தங்கள் வீட்டு வெண்கலப் பானைகளின் வரலாற்றையே எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஆனால் அந்தக் கடிதக் கட்டில் பாத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கடிதம் ஒன்று இருந்தது. அது என்னை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிள் மிதிக்க வைத்துவிட்டது. ஆகவே இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் அதற்கே தருகிறேன்.

எழுதியவர் ஓர் அம்மையார். மதுரைப் பக்கத்தவர், கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டு டில்லிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம். ஒரே மகன், பதினேழு வயது. கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

"ஐயா, என் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு புறப்பட்டுவிடுகிறான். ஆரவல்லி மலைப் பக்கம் போகிறோம், அங்கே காடும் குளமும் இருக்கின்றன என்கிறான். டில்லியில் ஏது மலை, ஏது குளம் என்று எனக்கு விளங்கவில்லை. போன வாரம் அவன் துண்டைத் துவைத்தபோது தண்ணீர் செங்காவி நிறமாக இறங்கிற்று. எங்கேயோ குளிக்கிறான் என்று தெரிகிறது, கேட்டால் சிரிக்கிறான். அவன் அப்பாவிடம் சொன்னால் சைக்கிளைப் பூட்டி வைத்துவிடுவார். நீங்கள் ஊரெல்லாம் சுற்றி எழுதுகிறவர். அந்தக் குளங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்துச் சொல்வீர்களா?"

இதைப் படித்ததும் எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நான் இந்நகரத்துக்கு வந்தது 1979-இல். வந்து பத்தாண்டுகள் வரையில் நானும் டில்லியில் மலை இல்லை என்றே எண்ணியிருந்தேன். வீடு, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கரோல்பாக் கடைத்தெரு, வெள்ளிக்கிழமை கோயில் ஆகிய ஐந்து இடங்களுக்குள் நம்மவர்களின் டில்லி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ராமகிருஷ்ணபுரத்தில் உத்தர சுவாமிமலையின் படிகளை ஏறி முருகனை வணங்கும்போதுகூட, காலடியில் உள்ள குன்று எந்த மலையைச் சேர்ந்தது என்று கேட்பவர் சிலரே. அது ஆரவல்லியின் ஒரு துண்டு. குடியரசுத் தலைவர் மாளிகை நிற்கும் ராய்சினாக் குன்றும் அப்படியே. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தானத்தைக் குறுக்காகக் கடந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நடந்து வரும் இந்த மலைத்தொடர், உலகத்தின் மிகப் பழைய மலைகளில் ஒன்று. மூப்பினால் தேய்ந்து தேய்ந்து, டில்லியை எட்டும்போது பாறை மேடாகவும் முட்காடாகவும் குறுகி, யமுனைக் கரையில் வந்து முடிகிறது. காரில் போகிறவர்களுக்கு இது மலையென்றே தெரியாது. சைக்கிளில் போகிறவர்களின் முழங்காலுக்குத் தெரியும்.

என் முழங்காலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1979-இல் சரோஜினி நகரிலிருந்து மத்தியச் செயலகத்துக்கு நான் சைக்கிளில்தான் போய் வந்தேன். காலை ஒன்பதரை மணிக்குச் சாலை முழுவதும் குமாஸ்தாக்களின் சைக்கிள்களாகவே இருக்கும். பின்னால் சோற்றுப் பாத்திரம், கால்சட்டையின் அடியில் ஒரு கிளிப்பு, மணியோசை ஓயாது. பிறகு ஸ்கூட்டர் வந்தது, சைக்கிள் போயிற்று. நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் மறுபடி ஏறச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும். மெஹரௌலியில் வசிக்கும் என் தமக்கையின் மகன் சில ஆண்டுகளாக இந்த வழிகளில் போய்வருகிறவன். அவன்தான் தைரியம் சொன்னான். தன்னிடமிருந்த கியர் சைக்கிள் ஒன்றை எனக்குக் கொடுத்து, "மாமா, மேடு கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். மூச்சு வாங்கிய பிறகு குறைக்கப் பார்த்தால் சங்கிலி கழன்றுவிடும்" என்று பாடம் நடத்தினான். இந்தப் பாடம் எனக்கு வேறு பல காரியங்களிலும் முன்பே கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் கடைசி. மழை ஓய்ந்து புகை தொடங்காத நாட்கள். இந்த வழிகளுக்கு உகந்த காலம் இதுவும், பிறகு பிப்ரவரி, மார்ச்சும்தான். நவம்பரிலிருந்து ஜனவரி வரையில் டில்லியின் காற்றில் மலை ஏறி மூச்சு வாங்குவது உடம்புக்கு நல்லதன்று. மே, ஜூனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மெஹரௌலியில் ஹவுஸ்-இ-ஷம்ஸி குளக்கரையிலிருந்து புறப்பட்டோம். 1230-ஐ ஒட்டி இல்துத்மிஷ் என்ற சுல்தான் வெட்டிய குளம் இது. எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் நீர் நிற்கிறது. கரையில் ஜஹாஜ் மஹல் என்ற கட்டடத்தின் நிழல் அந்த அரையிருட்டில் தண்ணீரில் விழுந்திருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே பதர்பூர் செல்லும் சாலை. பத்துக் கிலோமீட்டர் போனால் இடப்புறம் துக்ளகாபாத் கோட்டை மலைபோல் எழுகிறது. வலப்புறம் அதைக் கட்டிய கியாசுத்தீன் துக்ளக்கின் கல்லறை. இவ்விரண்டும் 1320-களில் எழுந்தவை. கோட்டைக்கும் கல்லறைக்கும் இடையே அந்நாளில் ஓர் ஏரி இருந்தது. மலைச்சரிவில் இறங்கும் மழைநீரைத் தேக்கி, நடுவே கல்லறையைத் தீவாக்கி, போய்வர ஒரு கல் பாதையும் அமைத்திருந்தார்கள். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. அதை அறுத்துக்கொண்டுதான் நம் சாலை போகிறது. அதாவது, நாங்கள் சைக்கிள் மிதித்தது ஏரியின் அடிநிலத்தில். எதிரே வந்த லாரியின் வெளிச்சத்தில் கண் கூசியபோது இந்த எண்ணம் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கோட்டையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் வலக்கைப் பக்கம் சூரஜ்குண்ட் சாலை பிரிகிறது. இங்கிருந்துதான் ஏற்றம் இறக்கம் தெரியத் தொடங்கும். இருபுறமும் காடு. 'காடு' என்று சொன்னதும் தேக்கையும் சந்தனத்தையும் நினைத்துவிட வேண்டாம். பெரும்பகுதி சீமைக் கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்கள் கண்டால் ஊருக்கே வந்துவிட்டதாக எண்ணுவார்கள். வெள்ளையர் புது டில்லியைக் கட்டிய காலத்தில் மேட்டைப் பசுமையாக்க விதைத்தார்களாம். அது மற்ற மரங்களை ஒதுக்கிவிட்டுத் தானே குடியேறிவிட்டது. சாலையோரத்தில் காற்று உருட்டிவிடும் அதன் முள் டயருக்கு எமன். அன்று மட்டும் இரண்டு பங்க்சர். ஆயினும் இடையிடையே பழைய காடு தலை காட்டுகிறது. மார்ச்சில் வந்தால் புரசு இலையெல்லாம் உதிர்த்துச் செந்தழலாகப் பூத்திருக்கும். புரசைவாக்கத்தில் பிறந்து வளர்ந்தும் புரச மரத்தைப் பாராதவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

சூரஜ்குண்ட் என்றால் பலருக்கும் 1987 முதல் பிப்ரவரியில் நடக்கும் கைத்தொழில் சந்தைதான் நினைவுக்கு வரும். பெயருக்கு உரிய குண்டம் சந்தைத் திடலுக்கு அருகிலேயே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் தோமர் மரபைச் சேர்ந்த சூரஜ்பால் கட்டியதாகச் சொல்லுகிறார்கள். பிறை வடிவில் அடுக்கடுக்காக இறங்கும் கற்படிகள், நம் கோயில் தெப்பக்குளத்தை நினைவூட்டும். அங்கிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டரில் அனங்கபூர் என்ற ஊர். அவ்வூருக்கு அப்பால் ஒரு கணவாயை அடைத்துக் கட்டிய பழைய கல்லணை. அதுவும் தோமர்கள் காலத்தது. வழி கரடுமுரடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்த அணையின் மேல் நின்றபோது என் கால் தானாகவே நிதானப்பட்டது. நான் செங்கற்பட்டு ஜில்லாக்காரன். ஏரி ஜில்லா என்றே அதற்குப் பெயர். வரத்துக்கால் எது, கரை எது, மதகு எது, கலிங்கு எது என்பது எழுத்து கற்குமுன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கல்லணையும் நம் ஏரிக்கரையும் ஒரே புத்தியில் பிறந்தவை. மலைமேல் பெய்வது நான்கு மாத மழை. பாறையில் தங்காமல் யமுனைக்கு ஓடிவிடும். ஓடுவதை வாயில் மறித்தால் ஆண்டு முழுவதும் குடிக்கலாம். தோமர் மறித்தார், இல்துத்மிஷ் தேக்கினார், துக்ளக் மறித்தார். அரசர் மாறினாலும் மதம் மாறினாலும் இந்த ஒரு காரியத்தில் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல் நடந்திருக்கிறார்கள். இந்த வரிசையில் கடைசியாக வந்தது பட்கல் ஏரி. பாசனத்துக்காக இரு குன்றுகளை ஒரு கரையால் இணைத்து 1947-இல் கட்டி முடித்தது.

சூரஜ்குண்டிலிருந்து பட்கலுக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். மெஹரௌலியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ இருபத்தைந்து. வழியில் கடைசி மேட்டை நான் ஏறிக் கடந்தது உடல் பலத்தால் அன்று. 1983-இல் திருமணமான புதிதில் என் மனைவியோடு அங்கே போயிருந்தேன். பஸ்ஸில் போய் இறங்கி, வாழையிலை கிடைக்காமல் செய்தித்தாளில் புளியோதரையைப் பரப்பி உண்டு, படகில் ஏறினோம். படகு அசைந்தபோது அவள் இரு கைகளாலும் விளிம்பைப் பற்றிக்கொண்டு, "கரைக்குப் போகலாம்" என்று சொன்னாள். கரை வெகுதூரத்தில் இருந்தது. அவ்வளவு தண்ணீர். அவள் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. அந்தப் படகுப் படம் இன்றும் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பட்கல் வறண்டுவிட்டது. 2011-இல் என் மகளோடு போனபோது, நாங்கள் படகு விட்ட இடத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அண்மைக் காலத்தில் நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிக்குக் கொண்டுவரும் வேலை நடந்திருக்கிறது. நல்ல முயற்சியே. ஆனால் மலையிலிருந்து தானாக இறங்கி வந்த நீர் அன்று. குழாயில் வரும் நீர். கரை மட்டும் 1947-இல் கட்டியவர்கள் விட்டுப்போன இடத்தில் அப்படியே நிற்கிறது. நான் அதன்மேல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். மருமகன் சைக்கிளைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டு தள்ளியே நின்றான்.

ஏரி ஏன் வறண்டது? மழை பொய்த்துவிடவில்லை. மலையைத் தோண்டினார்கள். டில்லியின் வீடுகள் எழும்ப எழும்ப, கல்லும் மணலும் இந்த மலையிலிருந்தே போயின. ஏரிக்கு நீர் வரும் ஓடைகள் குழிகளில் விழுந்தன. குழிகள் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே இறங்கின. ஏரிக்கு வர வேண்டியதும் குழிக்குப் போயிற்று, ஏரியின் அடியில் ஊறி நின்றதும் குழிக்குப் போயிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் பட்கல், சூரஜ்குண்ட் இரண்டையும் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் தோண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. 2002-இலும் 2009-இலும் இந்தப் பகுதி மலைகளுக்கு இன்னும் விரிவான தடைகள் வந்தன. அதற்குள் நோயாளியின் உயிர் போய்விட்டது.

அம்மையாரின் கேள்விக்கு இதுவரையில் விடை கிடைக்கவில்லை. நான் கண்டவற்றில் ஒன்றும் துண்டைச் சிவப்பாக்கும் குளமன்று. பாதிக்குக் குளிக்கவே நீர் இல்லை. எனவே அடுத்த ஞாயிறு வேறு வழியில் புறப்பட்டோம்.

மெஹரௌலியிலிருந்து தெற்கே சத்தர்பூர், ஜோனாபூர், மாண்டி கிராமங்களைக் கடந்தால் குவால் பஹாடி என்ற இடத்தில் குருகிராமத்தையும் பரீதாபாதையும் இணைக்கும் பெருஞ்சாலையை அடையலாம். மெஹரௌலியிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் இருக்கும். அங்கே இடப்புறம் திரும்பினால் பரீதாபாத் வரையில் மலைக்காட்டின் நடுவே ஏறியும் இறங்கியும் போகும் சாலை. மனம் விட்டுச் சொல்வதானால், டில்லிக்கு இத்தனை அருகில் இப்படி ஒரு சாலை இருப்பதே அதிசயம். விடியற்காலையில் மயில்கள் சாலையைக் கடக்கும். நீல்காய் என்னும் பெரிய மான் இனம் புதரிலிருந்து தலை நீட்டும். சிறுத்தையும் உண்டு, இந்தச் சாலையில் வண்டிகளில் அடிபட்டு இறந்த சிறுத்தைகளும் உண்டு. பந்த்வாரி அருகே அழகெல்லாம் மறைந்து மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிவரும். இரு நகரங்களின் குப்பையும் சேர்ந்து அங்கே ஒரு புது மலை எழுந்திருக்கிறது. இயற்கை எழுப்பிய மலையைக் கரைத்துவிட்டு மனிதர் எழுப்பிய மலை அது. அந்த இரண்டு கிலோமீட்டரையும் யாரும் மெதுவாக மிதிப்பதில்லை.

மாங்கர் செல்லும் கிளைச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் சைக்கிளின் கியரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் வயதில் மூத்தவரைத் 'தாவ்' என்று அழைப்பார்கள். நம் பெரியப்பா முறை. "தாவ்ஜி, இங்கே பையன்கள் குளிக்கும் குளம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வயதில் குளிக்கவா வந்தாய்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து, தடியை எடுத்துக்கொண்டு, வா என்று சைகை செய்தார்.

புதர்களினூடே கால் மணி நேரம் நடந்திருப்போம். அந்த இடத்தை இங்கே குறிப்பிடப்போவதில்லை. குறிப்பிட்டால் வழி சொன்னதாகிவிடும். முட்காடு சட்டென்று முடிந்தது. காலடியில் மலையைக் கத்தியால் வெட்டி எடுத்தாற்போல் ஒரு பள்ளம். சுவர்கள் செங்குத்து, செம்மண்ணும் வெள்ளைப் பாறையும் மாறி மாறி வரி போட்டிருந்தன. அடியில் நீர். அது எப்படிப்பட்ட நீலம் என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. மயிற்கழுத்துப் பட்டுப் புடவை என்று கடைக்காரர் விரித்துக் காட்டுவாரே, அந்த நீலம். ஒரு சலனம் இல்லை. பதினேழு வயதில் நான் இதைக் கண்டிருந்தால் சட்டையைக் கழற்றியிருப்பேன், ஐயமில்லை.

"அழகாக இருக்கிறது" என்றேன்.

"இது ஜோஹட் இல்லை, பாபு" என்றார் தாவ்ஜி. ஜோஹட் என்பது அவர்கள் ஊர்க்குளம். "ஜோஹட் என்றால் எருமை இறங்கும். இதில் எருமை இறங்காது. எருமை இறங்காத தண்ணீரில் மனிதன் எதற்கு இறங்க வேண்டும்?"

போன மழைக்காலத்தில் ஒரு பையனை இங்கிருந்து வெளியே எடுத்ததைப் பற்றியும் சொன்னார். விவரமாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட குழிகளில் நகரத்து இளைஞர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்; செய்தித்தாள் படிப்பவர்கள் அறிந்ததே.

எருமையின் கணக்கு சரியான கணக்கு. எங்கள் ஊர் ஏரியில் நான் நீச்சல் கற்றபோது, முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏரியே எனக்குப் படிப்படியாகப் பாடம் சொன்னது. பயம் வந்தால் இரண்டடி பின்வாங்கினால் போதும். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் என்று நினைத்துக் கட்டியது அது. குழியை எவரும் அப்படி நினைத்து வெட்டவில்லை. எவ்வளவு கல் எடுக்கலாம் என்று நினைத்து வெட்டினார்கள். விளிம்பிலிருந்து ஓரடி வைத்தால் அடுத்த அடி எங்கே என்று தெரியாது. மேல்நீர் வெயிலில் இதமாக இருக்கும். சற்றுக் கீழே கை கால் மரத்துப்போகும் குளிர்ச்சி. களைத்துக் கரைக்குத் திரும்பினால் பற்றிக்கொள்ளப் படியும் இல்லை, வேரும் இல்லை; பிடித்த மண் கையோடு வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இது பொருந்தும்.

அந்தச் செம்மண்ணைக் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தேன். அம்மையாரின் துண்டில் இறங்கிய நிறம் இதுதான். இந்த மலையின் பாட்டி என்ற ஊரைச் சுற்றிலும் தோண்டிய செம்மணல், 'பதர்பூர்' என்ற பெயரில் டில்லி முழுவதும் போயிற்று. பாட்டிச் சுரங்கங்கள் 1990-ஐ ஒட்டி மூடப்பட்டன. அப்பகுதி இன்று அசோலா வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கும். அங்கும் குழிகளில் நீல நீர் நிற்கிறது; காவல் உண்டு, இறங்க அனுமதி இல்லை. நம்மவர்கள் குடியிருக்கும் பழைய அடுக்கு வீடுகள் பலவற்றின் சுவரில் கலந்திருப்பது அந்த மணல்தான். பையன் துண்டில் வீட்டுக்கு எடுத்து வந்த மண், அவனுக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கக் கூடும்.

திரும்பும் வழியில் தாவ்ஜி எங்களை மாங்கர் பனியின் ஓரம் வரையில் அழைத்துச் சென்றார். பனி என்றால் அவர்கள் மொழியில் கோயில்காடு. குதாரியா தாஸ் பாபா என்ற மகானின் காவலில் இருப்பதாக நம்பிக்கை. ஒரு சுள்ளியை ஒடித்தாலும் ஒடித்தவன் குடும்பத்துக்கு ஆகாது என்று சுற்றுக் கிராமத்தார் தொடுவதில்லை. நம் ஐயனார் காட்டுக்கு உள்ள அதே கட்டுப்பாடு. அதனால், இந்த மலை ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதற்கு அங்கே சாட்சி இருக்கிறது. சீமைக் கருவேலம் அங்கே குறைவு. 'தௌ' என்ற மரம் சிறு இலைகளோடு பள்ளத்தாக்கு முழுவதும் நெருங்கி நிற்கிறது. குழியின் விளிம்பில் வியர்த்த உடம்புக்கு அங்கே காற்று குளிர்ந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் பார்த்துவிட்டேன்.

மாத இதழ் வெளிவரும் வரையில் காத்திருக்கத் தகாத விஷயம் இது. அன்றிரவே அம்மையாருக்குத் தனியே எழுதிவிட்டேன். சைக்கிளைப் பூட்ட வேண்டாம் என்றும், கணவரிடம் மறைக்க வேண்டாம் என்றும், சாலையில் போகட்டும், நீலத் தண்ணீரில் ஒரு விரல்கூட நனைக்க வேண்டாம் என்றும் எழுதினேன். அத்தோடு எழுதிய வேறு சில குறிப்புகள் மற்ற வீடுகளுக்கும் பயன்படலாம். தனியே போகலாகாது. தலைக்கவசம் வேண்டும், முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், பாலி பக்கம் கல் உடைக்கும் ஆலைகள் இருப்பதால் விடியுமுன் பெரிய லாரிகள் வரும், அவற்றின் ஓட்டுநர்கள் இரவெல்லாம் விழித்தவர்கள். இறக்கத்தில் வளைவில் மணல் சிதறியிருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவில் பிரேக்கைப் பிடித்தால் சறுக்கும். நாய்கள் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடும். வாழைப்பழத்தை வெளியே தெரியக் கொண்டுபோக வேண்டாம். அசோலா பக்கத்துக் குரங்குகள் கணக்கில் கெட்டி. ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீர், உள்ளே மாற்றுவதற்கு ஒரு டியூப். ஒன்பது மணிக்குள் வீடு திரும்பலாம். முதல் வழியையும் இரண்டாம் வழியையும் பரீதாபாதில் இணைத்து ஒரே சுற்றாகச் சுற்றினால் அறுபது கிலோமீட்டர் வரும்; அது பழகியவர்களுக்கு. குளிக்க ஆசைப்படுபவன் வீட்டுக்கு வந்து குளிக்கட்டும்.

மூன்று நாட்களில் பதில் வந்தது. அம்மையார் கணவரிடம் கடிதத்தையே படிக்கக் கொடுத்துவிட்டாராம். மறு ஞாயிறு தாமும் மகனும் வரலாமா என்று கணவர் தம் கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்திருந்தார்.

வந்தார்கள். ஹவுஸ்-இ-ஷம்ஸி கரையில் இருட்டோடு நின்றிருந்தார்கள். தந்தை எவரிடமோ இரவல் வாங்கிய சைக்கிளில் வந்திருந்தார். அதன் ஆசனம் அவருக்கு நான்கு விரற்கடை உயரம். பையன் தலை குனிந்து நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. துக்ளகாபாத் வரையில் பக்கத்திலேயே மிதித்து வந்தவன், தானாகவே சொன்னான்: "ஒரே ஒரு தடவைதான் குதித்தேன், மாமா. கால் தரையைத் தேடிற்று. கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கரையில் உட்கார்ந்துதான் குளித்தேன்." அவன் தந்தை எங்களுக்குப் பின்னால் பத்தடியில் வந்துகொண்டிருந்தார். கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சூரஜ்குண்ட் சாலையின் முதல் மேட்டில் நானும் அவரும் கியரைக் காலத்தில் குறைக்கத் தவறி, இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். அவர் வைகைக் கரையில் சைக்கிள் கற்ற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பையன் உச்சியில் காலை ஊன்றி நின்று, தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தான்.